மாரிக்குப்பத்துக் குழிகள்

தோழர்களே, இராஜபாளையத்திலிருந்து இந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள், திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் பொன் விமானத்தைப் பார்த்திருப்பீர்கள். பொன் கொடுத்தவரைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். நாம் பொன் தோண்டியவரைப் பற்றிப் பேசுவோம்.

கோலார் தங்கவயலின் கதையை 1880இல், ஜான் டெய்லர் கம்பெனியிலிருந்து தொடங்குவது வழக்கம். கார்ன்வாலிலிருந்து சுரங்க வல்லுநர்கள் வந்தார்கள், வடாற்காட்டிலிருந்து கூலிகள் வந்தார்கள் என்பார்கள். அதாவது அறிவு அவர்களுடையது, உடம்பு நம்முடையது. இந்தக் கணக்கை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

1802இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், பொன் இருக்கும் இடத்தைக் காட்டுவோருக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊரிகத்து மக்கள் வண்டியில் மண் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அரித்துக் காட்டினார்கள். ஏறத்தாழ 56 கிலோ மண்ணுக்கு ஒரு கிரெயின், அதாவது 65 மில்லிகிராம் பொன். பிறகு அவர் மாரிக்குப்பம் போனார். அங்கே குழிக்குள் இறங்கியவர்கள் பறையர்கள். கீழே ஆண்கள் கல்லை வெட்டினார்கள். இடைவெளிவிட்டு நின்றவர்கள் கூடையைக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். பெண்கள் பெரிய பாறையில் வைத்து அந்தக் கல்லைத் தூளாக்கி, கிணற்றடியில் அலசிப் பொன்னைப் பிரித்தார்கள். எந்தக் கல்லை இடிக்கலாம், அலசும்போது எப்போது கையை நிறுத்த வேண்டும் என்பது அந்தப் பெண்களின் கைக்குத் தெரியும். இதற்குப் பெயர் கூலி வேலையா?

கல்லை இடித்து அலசும் இதே முறையையும், பாறையைத் தீயிட்டு விரிசல்விடச் செய்யும் முறையையும் அக்ரிகோலாவின் நூல் படங்களோடு சொல்கிறது. அது 1556இல் பாசல் நகரில் அச்சானது. நம் தக்காணத்தில் ஹட்டியின் பழஞ்சுரங்கங்கள் தீ முறையால் 600 அடிக்கும் கீழே போயிருக்கின்றன. அங்கே எழுதிவைக்க ஆள் இருந்தது. இங்கே எழுத்தையே நம்மிடமிருந்து தள்ளி வைத்திருந்தார்கள்.

கம்பெனி காலத்தில் குழி மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. பாறை வெடிப்பும் நுரையீரலில் படியும் கல்தூசியும் நம்மவர் பங்கு. 1930இல் ஒவ்வொரு தொழிலாளியும் கைரேகை பதிய வேண்டும் என்றபோது, குற்றப்பரம்பரையா நாங்கள் என்று கொதித்து வேலைநிறுத்தம் செய்தார்கள்.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1926இல், அயோத்திதாசர் தொடங்கி நின்றுபோயிருந்த 'தமிழன்' இதழை அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்துவிட்டார். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கத்தின் கிளையும் இருந்தது. குழியிலிருந்து ஏறி வந்தவர்கள் குளித்துவிட்டு அந்த இதழைப் படித்தார்கள், படிக்கத் தெரியாதவர்கள் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.