நடவாத போரும் நடந்த போரும்

பாரசீகத்து ருஸ்தமும் பாரதத்துப் பீமனும் மல்லுக்கு நின்றிருந்தால் வென்றிருப்பவர் யார்? ஒரே காலத்தில் வாழாத இரு வீரரைக் கற்பனைக் களத்தில் மோதவிட்டுப் பார்ப்பது மனிதருக்கு என்றும் அலுக்காத இன்பம். திண்ணையில் பேசிக் கலைந்துவிட்டால் அதனால் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் அந்தக் கற்பனைக்கே தீர்ப்பு என்று பெயர் சூட்டி, எந்திரத்தின் முத்திரையையும் குத்தி, உலகின் முன் வைத்தால் என்ன ஆகும்? குத்துச்சண்டை வரலாற்றில் அப்படியும் ஒன்று நிகழ்ந்தது.

அமெரிக்காவின் மயாமி நகரைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் மர்ரி வொரோனர், 1967ஆம் ஆண்டில் ஒரு புதுமை செய்தார். பல தலைமுறைகளைச் சேர்ந்த பதினாறு கனரகக் குத்துச்சண்டை வீரர்களைத் தெரிந்தெடுத்து, அவர்களுடைய வேகம், குத்தின் வலிமை, அடி தாங்கும் ஆற்றல் ஆகியவற்றை எண்களாக்கிக் கணிப்பொறியிடம் கொடுத்தார். அது சொன்ன முடிவுகளை மெய்யான போட்டிகளைப் போலவே வருணனை செய்து வானொலியில் ஒலிபரப்பினார். அந்தத் தொடரில் முகம்மது அலி, ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றார். இறுதிச் சுற்றில் ஜாக் டெம்ப்சியை வென்று முடிசூடியவர் ராக்கி மார்சியானோ.

ஜெஃப்ரீஸ் யார் என்பதை அறிந்தோர்க்கு இந்த முடிவின் கசப்பு விளங்கும். கறுப்பினத்தில் முதன்முதலாகக் கனரக உலகப் பட்டம் வென்ற ஜாக் ஜான்சனை வீழ்த்தியே தீரவேண்டும் என்று, ஓய்வு பெற்றிருந்த அவரை வெள்ளையர் வற்புறுத்தி அழைத்து வந்தனர். 1910ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் ரீனோ நகரில் நடந்த அப்போட்டியில், பதினைந்தாம் சுற்றில் ஜெஃப்ரீஸ் தோற்றார். மெய்யான களத்தில் கைகூடாத அந்த ஆசையைப் பொய்க் களத்தில் எந்திரம் நிறைவேற்றி வைத்தது போலாயிற்று. அலி பத்து லட்சம் டாலர் கேட்டு மானநட்ட வழக்குத் தொடுத்தார். பின்னர் சமாதானம் ஏற்பட்டது. பத்தாயிரம் டாலரும் இலாபத்தில் ஒரு பங்கும் பெற்றுக்கொண்டு, மார்சியானோவுடன் ஒரு கற்பனைப் போட்டியைப் படமாக்க அவர் இசைந்தார்.

அலி ஏன் இசைந்தார்? அவருக்கு அப்போது மெய்யான களமே இல்லை. வியட்நாம் போருக்காகப் படையில் சேர மறுத்து, தம் சமய நம்பிக்கை அதற்கு இடந்தராது என்று 1967 ஏப்ரல் 28இல் அவர் உறுதியாக நின்றார். உடனே பட்டத்தையும் உரிமத்தையும் பறித்தனர். ஜூன் மாதம் ஐந்தாண்டுச் சிறையும் பத்தாயிரம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டினால் சிறைக்கு வெளியே இருந்தாரேயன்றி, கையுறை அணிந்து களமேற வழியில்லை.

1969இல் மயாமிப் படப்பிடிப்புக் கூடத்தில் இருவரும் எதிரெதிரே நின்றனர். அலிக்கு வயது 27, மார்சியானோவுக்கு 45. ஆடிய 49 போட்டிகளிலும் வென்று, 1956இல் தோல்வியறியாமலே ஓய்வு பெற்றவர் மார்சியானோ. படத்துக்காக ஏறத்தாழ ஐம்பது ராத்தல் எடையைக் குறைத்து, வழுக்கையை டோப்பாவால் மறைத்துக்கொண்டு வந்தார். எந்த முடிவு வரினும் பொருந்தும் வண்ணம் பல முடிவுகளைப் படமெடுத்து வைத்தனர்.

இருவர் போர்முறையும் இரு துருவங்கள். மார்சியானோ உயரத்தில் ஆறடிக்கும் குறைந்தவர், கையோ குட்டை. குனிந்து, நெருங்கி, நாலு குத்து வாங்கினாலும் ஒன்றை இடியெனத் திருப்பிக் கொடுப்பது அவர் வழி. அலி ஆறடி மூன்றங்குலம். நீண்ட இடக்கையால் தொலைவிலிருந்தே முகத்தில் தொட்டுத் தொட்டு அடித்து, எதிரி எட்டுமுன் விலகிவிடும் கால்கள் அவருடையவை. 1980இல் அவர் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது, நம் மூத்தோர் பலர் அக்கால்களின் எஞ்சிய அழகை நேரில் கண்டனர்.

1970 ஜனவரி 20ஆம் நாள் படம் திரையரங்குகளில் காட்டப்பட்டது. பதின்மூன்றாம் சுற்றில் அலி வீழ்ந்தார். மார்சியானோ அதைக் காணவில்லை. 1969 ஆகஸ்ட் 31இல், தம் 46ஆம் பிறந்தநாளுக்கு முந்திய இரவில், விமான விபத்தில் அவர் மாண்டிருந்தார். அந்தக் கணிப்பொறியை இனவெறிக்குப் பேர்போன அலபாமாவில் செய்திருப்பார்கள் என்று அலி நகைத்ததாகச் சொல்வர்.

நகைப்பில் நியாயம் உண்டு. எந்திரம் தானே சிந்திப்பதில்லை. நாம் இட்ட எண்களையே வேறு வடிவில் திருப்பித் தருகிறது. அதற்கும் மேலாக, போர்முறை என்பது கூட்டல் கழித்தலுக்கு அடங்குவதன்று. பின்னர் நடந்த மெய்ப்போர்களே இதற்குச் சான்று. மார்சியானோவைப் போலவே குனிந்து நெருங்கி அடிக்கும் ஜோ ஃப்ரேசியர், 1971 மார்ச் 8இல் பதினைந்து சுற்றுகள் பொருது அலியை வென்றார். கென் நார்ட்டன் 1973இல் அலியின் தாடையை முறித்து வென்றார். இவ்விருவரையும் ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டிரண்டு சுற்றுகளில் நொறுக்கினார். கணக்குப்படி ஃபோர்மன் முன் அலி துரும்பாகியிருக்க வேண்டும். ஆனால் 1974 அக்டோபர் 30இல் கின்ஷாசாவில், 32 வயது அலி கயிற்றில் சாய்ந்து அடிகளை ஏற்று, ஃபோர்மனைக் களைக்கச் செய்து, எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். அவருக்குள் இப்படியொரு வீரன் இருப்பதை 1967ஆம் ஆண்டின் எண்கள் எங்ஙனம் அறிந்திருக்கும்?

ஆகவே, மார்சியானோவும் அலியும் தத்தம் உச்சகாலத்தில் மோதியிருந்தால் வெற்றி யாருக்கு என்ற வினாவுக்கு விடையில்லை. காலம் அவர்களைப் பிரித்து வைத்தது. அதற்காக எவரையும் குறைகூற இயலாது.

ஆனால் நடவாத போர் இன்னொன்றும் உண்டு. 25 வயதிலிருந்து 28 வயது வரை, உடல் முழு வலிமையில் இருந்த மூன்றரை ஆண்டுகளில் அலி ஆடியிருக்கக்கூடிய போட்டிகளே அவை. 1970 அக்டோபர் 26இல் அட்லாண்டாவில் அவர் மீண்டும் களமேறினார். 1971 ஜூன் 28இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகத் தண்டனையை நீக்கினர். பட்டத்தைக் கின்ஷாசாவில் அவரே மீட்டுக்கொண்டார். அந்த ஆண்டுகளை மட்டும் எந்த நீதிமன்றமும் திருப்பித் தரவில்லை. அவற்றைக் கவர்ந்தது காலமன்று, மனிதர். கற்பனைப் போட்டிகளில் களிப்போர் இந்த ஒன்றைச் சற்றே கவலையுடன் கற்பனை செய்து பார்க்கவேண்டும். மனச்சான்றுக்காக நின்ற ஒருவனிடம் ஒரு நாடு வாங்கிய விலை எவ்வளவு என்பது அப்போது புலப்படும்.