சிறைக்கு மாற்றாக: கொழும்பு நீதிமன்றங்களில் நன்னடத்தையும் சிகிச்சையும்

இலங்கையின் தண்டனை வரலாற்றில் 1841ஆம் ஆண்டு மனங்கொளத்தக்கது. கொழும்பில் வெலிக்கடைச் சிறைச்சாலை எழுந்தது அவ்வாண்டிலேயே. அவ்வாண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தொழிலின்றி அலைந்து திரிவோரையும் பொதுவிடங்களில் ஒழுங்கீனமாக நடப்போரையும் குற்றவாளிகளாக்கிற்று. ஏறத்தாழ அதே வேளையில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், ஜோன் ஒகஸ்ரஸ் என்னும் சப்பாத்துத் தொழிலாளி, நீதிமன்றத்தில் நின்ற குடிகாரன் ஒருவனுக்குப் பிணைநின்று அவனைத் தன் பொறுப்பில் அழைத்துச் சென்றார். மூன்று வாரங்களின் பின் தெளிந்த முகத்தோடு திரும்பியவனுக்கு நீதிபதி பெயரளவான தண்டமே விதித்தார். நன்னடத்தை முறையின் தோற்றுவாய் இதுவென்பர். சிறையையும் சட்டத்தையும் உடனே பெற்றுக்கொண்ட இலங்கை, சப்பாத்துத் தொழிலாளியின் வழியைப் பெற ஒரு நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது.

1944ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கக் குற்றவாளிகள் நன்னடத்தைக் கட்டளைச் சட்டமே அவ்வழியை இங்கு திறந்தது. அதற்கு முன்னரே 1939இல் இயற்றப்பட்ட சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் பதினாறு வயதுக்குட்பட்டோரை வளர்ந்தோரின் நீதிமன்றத்தினின்றும் பிரிக்க முற்பட்டிருந்தது. வெள்ளவத்தைக்கு அயலான பம்பலப்பிட்டியில் இயங்கிய சிறுவர் நீதிமன்றம் அச்சட்டத்தின் வழிவந்ததே. நெடுங்காலமாக நாடு முழுவதற்கும் தனிச் சிறுவர் நீதிமன்றம் அது ஒன்றே என்பது, சட்டத்தின் எண்ணத்துக்கும் அரசின் கைப்பொருளுக்கும் இடையே நின்ற தூரத்தைக் காட்டும்.

வளர்ந்தோருக்கும் வழி இருந்தது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவு, குற்றச்சாட்டு எண்பிக்கப்பட்டபோதும் எதிரியின் வயது, முன்னொழுக்கம், உடல்நலம், மனநிலை ஆகியவற்றை நோக்கி, அவரைக் குற்றவாளியெனத் தீர்க்காமலே விடுவிக்க நீதவானுக்கு அதிகாரம் அளித்தது. நோயையும் மனநிலையையும் நீதவான் எடைபோடலாம் என்னும் இக்கருத்தே பிற்காலச் சிகிச்சைக் கட்டளைகளுக்கெல்லாம் வித்தாயிற்று எனலாம்.

ஆயினும் இவ்வகைக் கட்டளை பயன்தருவது வாசிக்கப்படுவதால் அன்று, விளங்கிக்கொள்ளப்படுவதால். சிறைத்தண்டனைக்கு எதிரியின் விளக்கம் தேவையில்லை. காவலர் கதவைத் திறந்து மூடினாற் போதும். நன்னடத்தை அலுவலரோ வீட்டுக்குச் சென்று தாயோடும் தந்தையோடும் பேசவேண்டியவர். இங்குதான் கொழும்புத் தமிழரின் நிலை தனியே நோக்கற்பாலது. 1961ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க நீதிமன்றமொழிச் சட்டம் சிங்களத்தை நீதிமன்றங்களுட் கொணர வழிவகுத்தது. 1988இல் பதினாறாம் திருத்தம் தமிழையும் நீதிமன்ற மொழியாக்கிற்று. எனினும் வடக்குக் கிழக்குக்கு வெளியே பதிவேட்டின் மொழி சிங்களமாகவே நின்றது. கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து செல்லும் தூரத்திலுள்ள புதுக்கடை நீதிமன்றத்தில் நிற்கும் தமிழ் இளைஞனுக்கு மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமை உண்டு. ஆனால் அவ்வுரிமை நீதிமன்ற வாயிலோடு முடிந்துவிட, அவனைத் திருத்தும் பணியோ வாயிலுக்கு வெளியேதான் தொடங்குகிறது.

1988இன் மத்தியஸ்த சபைகள் சட்டம் சிறுகாயம், அத்துமீறல் போன்ற வழக்குகளை நீதிமன்றுக்கு வெளியே தீர்க்க இடமளித்தது. 1999இன் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம், சிறைக்குப் பதிலாகச் சம்பளமற்ற பணியையும் ஆலோசனையையும் விதிக்க வழிசெய்தது. தண்டப்பணம் கட்ட வகையின்றிச் சிறை புகுவோர் மலிந்த நாட்டில் இது சிறிய உதவியன்று.

போதைப்பொருள் வழக்குகளிலேதான் சிக்கல் முற்றியது. 1984ஆம் ஆண்டு ஒரே காலத்தில் இரு முகங்களைக் காட்டிற்று. ஒரு சட்டம் ஹெரோயின் கடத்துவோருக்கு மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை விதித்தது. மற்றொரு சட்டம் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை நிறுவிற்று. அச்சபையின் தலங்கமச் சிகிச்சை நிலையம் கொழும்புக்கு அண்மையிலேயே அமைந்தது. 2007இன் 54ஆம் இலக்கச் சட்டமோ விரும்பி வருவோருக்கு மட்டுமன்றி, பொலிசார் நீதவான் முன் நிறுத்துவோருக்கும் மருத்துவப் பரிசோதனையின் பின் கட்டாயச் சிகிச்சையை விதித்தது. ஒகஸ்ரஸ் ஒருவனைத் தம் பொறுப்பில் ஏற்ற செயலுக்கும், அரசு ஒருவனைத் தன் காவலில் வைக்கும் செயலுக்கும் இடையேயான வேறுபாடு இங்கே மங்கத் தொடங்கியது.

கொழும்பினின்றும் நெடுந்தொலைவில், பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையம் அவ்வேறுபாட்டை வெளிப்படையாக்கிற்று. முன்னாட் போராளிகளுக்கெனத் தொடங்கிய புனர்வாழ்வுப் பணியகத்தின் பொறுப்பிலிருந்த அந்நிலையத்தில், 2022 ஜூனில் ஒருவர் உயிரிழந்ததையடுத்துக் கலகம் மூண்டு நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். சிகிச்சை பெறுவோர் தப்பியோட வேண்டியிருப்பின் அந்நிலையத்துக்கு வேறு பெயரே பொருந்தும். அவ்வாண்டிலேயே பணியகத்துக்கான சட்டமூலத்தை உயர் நீதிமன்றம் அரசியலமைப்பின் சமத்துவ உறுப்புரைக்கு முரணானதெனக் கண்டது. திருத்தங்களோடு அது 2023 ஜனவரியில் நாடாளுமன்றில் நிறைவேறி, அவ்வாண்டின் 2ஆம் இலக்கச் சட்டமாயிற்று.