ரசீது கொடுத்த தேர்தல் பிரச்சாரம்

2004 மக்களவைத் தேர்தலின்போது வாஜ்பாயின் பதிவு செய்யப்பட்ட குரல் தொலைபேசிகளில் ஒலித்தது. கேட்டவர் பதில் பேச வழியில்லை. 'இந்தியா ஒளிர்கிறது' விளம்பரங்களும் அப்படித்தான். ஆளும் கூட்டணி தோற்றது (வேறு காரணங்களும் உண்டு!).

2008ல் ஒபாமா அணி மின்னஞ்சல் முகவரிகளைத் திரட்டி, பார்வையாளர்களையே தொண்டர்களாக்கியது.

தமிழகத்தில் 2021 ஜனவரியில் தி.மு.க. 'உங்கள் தொகுதியில் ஸ்டாலின்' நிகழ்ச்சியைத் தொடங்கியது. நேரிலும் இணையத்திலும் மனு வாங்கி, பதிவு எண்ணோடு ரசீது கொடுத்தார்கள். 100 நாளில் தீர்வு என்பது வாக்குறுதி. மே மாதம் ஆட்சிக்கு வந்ததும் அம்மனுக்களுக்கென்றே தனித்துறை அமைக்க வேண்டியிருந்தது. கையில் எண் இருப்பவர் திரும்பக் கேட்பாரே!

நெமிலியில் ஆம்பூர் ஷூ விற்கும் ஒருவர் வாட்ஸ்அப்பில் தினமும் தள்ளுபடிப் படம் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 'அடிப்பாகம் பிய்ந்துவிட்டது' என்று பதில் வந்தால், அதைப் படிப்பது யார்?