நாசிக் குகையில் ஒரு ஃபிக்சட் டெபாசிட்

மும்பையில் இருக்கும் நம்மவர்களுக்கு நாசிக் என்றால் ஒரு ரெடிமேட் ப்ரோக்ராம் உண்டு. சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி, கசாரா காட் ஏறி, இகத்புரியில் டீ. திரியம்பகேஷ்வர் தரிசனம், பஞ்சவடி, ராம்குண்ட், காலாராம் மந்திர். இரவு லாட்ஜ். ஞாயிறு காலை மிஸல் பாவ், திரும்பி வரும்போது ஒரு மூட்டை வெங்காயம். மாமா, மாமி ஊரிலிருந்து வந்தால் இதே ரூட்டில் இன்னொரு தடவை. நானும் இப்படி ஏழெட்டு முறை போயிருப்பேன்.

ஆகஸ்டில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தபோது மூன்று குடும்பம், இரண்டு கார், மொத்தம் பதினோரு பேர் கிளம்பினோம். இந்த முறை நான் ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன். பாண்டவ்லேணி குகைகளுக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். தங்கமணி உடனே பதிலுக்கு ஒன்று போட்டார். அப்படியானால் யேவ்லா போய்ப் பைடணி புடவை பார்க்க அரை நாள் வேண்டும். பேரம் படிந்தது. (யார் லாபம் என்று பாஸ்புக்கைப் பார்த்தால் தெரியும் :-))

பாண்டவ்லேணி, நாசிக் ஊருக்குத் தெற்கே, மும்பை - ஆக்ரா நெடுஞ்சாலையை ஒட்டிய குன்றில் இருக்கிறது. அடிவாரத்தில் தாதாசாகேப் பால்கே நினைவகம். முக்கால்வாசிப் பேர் அங்கே குழந்தைகளை விளையாட விட்டுவிட்டு, மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஏறணுமா?" என்று திரும்பிவிடுவார்கள். நானும் அப்படித் திரும்பியவன்தான். இருநூறு படி போல ஏறினால் 24 குகைகள். பெயரில்தான் பாண்டவர்கள். உண்மையில் இவை பௌத்தத் துறவிகள் தங்குவதற்காகக் குடைந்தவை. தொடங்கியது சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்.

சிற்பம் பார்க்க வேண்டுமென்றால் அஜந்தா போங்கள், எல்லோரா போங்கள். இங்கே பார்க்க வேண்டியது எழுத்து. சுவரெல்லாம் பிராமி எழுத்தில் கல்வெட்டுகள். நூறு ஆண்டுக்கு மேலாயிற்று, எமில் செனார் என்ற பிரெஞ்சு அறிஞர் இவற்றைப் படித்து எபிகிராஃபியா இண்டிகா எட்டாம் தொகுதியில் பதிப்பித்து. அதன் மொழிபெயர்ப்பைப் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்திருந்தேன். பி.காம். படித்தவனுக்கு பிராமி எங்கே தெரியும்?

பத்தாம் எண் குகை. வராந்தாவின் இடதுபக்கச் சுவர். அங்கே இருப்பதை என் பாஷையில் சொன்னால், ஒரு ஃபிக்சட் டெபாசிட் ரசீது.

டெபாசிட்தாரர் பெயர் உஷவதாதன். தினீகனின் மகன், க்ஷகராத வம்சத்து அரசன் நஹபானனின் மாப்பிள்ளை. சகர்கள், அதாவது வடமேற்கிலிருந்து வந்தவர்கள். அவர்களும் நம்மைப்போல் வெளியூர்க்காரர்கள்தான். காலம் சுமார் 1900 ஆண்டுகளுக்கு முன். இந்தக் குகையைத் துறவிகளுக்குக் கொடுத்ததோடு, அவர்கள் செலவுக்கென்று 3000 கார்ஷாபணம், அதாவது வெள்ளிக்காசு, முதலாகப் போட்டிருக்கிறார். 'அக்ஷய நீவி' என்று பெயர். குறையாத முதல்.

எங்கே போட்டார்? கோவர்தனம் என்ற ஊரின் நெசவாளர் சங்கங்களில். நாசிக்கின் மேற்கே கங்காபூர் பக்கம் கோவர்தன் இன்றும் இருக்கிறது. ஒரு நெசவாளர் சங்கத்தில் 2000 காசு, மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி. இன்னொரு நெசவாளர் சங்கத்தில் 1000 காசு, மாதம் நூற்றுக்கு முக்கால் வட்டி. முதலைத் திருப்பிக் கேட்கக் கூடாது, வட்டியை மட்டும் அனுபவிக்கலாம். 2000 காசின் வட்டி, மழைக்காலத்தில் இந்தக் குகையில் தங்கும் இருபது துறவிகளுக்குத் துணிச் செலவு, ஆளுக்கு 12 காசு. 1000 காசின் வட்டி மற்றச் சில்லறைச் செலவுகளுக்கு.

நான் அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். தொழில் புத்தி போகுமா? 2000-க்கு மாதம் ஒரு வட்டி என்றால் மாதம் 20, வருடம் 240. இருபது பேருக்குத் தலைக்கு 12, மொத்தம் 240. காலணா இடிக்கவில்லை! அதே சுவரில் இன்னொரு தானமும் இருக்கிறது. 70,000 கார்ஷாபணம், 35 கார்ஷாபணம் ஒரு பொற்காசு வீதம் 2000 பொற்காசு என்று மாற்று விகிதத்தோடு எழுதியிருக்கிறார்கள். 70,000-ஐ 35-ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக இருக்கும்.

வேடிக்கை இன்னும் உண்டு. 3000 என்பதை வார்த்தையிலும் எழுதி, பக்கத்தில் எண்ணாலும் வெட்டியிருக்கிறார்கள். செக்கில் நாம் எழுதுகிறோமே, அதே மாதிரி. இதையெல்லாம் நிகம சபையில், அதாவது ஊர் வணிகர் மன்றத்தில், அறிவித்துப் பலகைப் பதிவும் செய்தார்களாம். முக்கால் வட்டிக்குக் கல்வெட்டில் இருக்கும் சொல் 'பாயூன'. கால் குறைந்தது என்று பொருள். காய்கறி மார்க்கெட்டில் மராட்டிக்காரர் 'பாவுண் கிலோ' என்கிறாரே, முக்கால் கிலோவுக்கு? அதே சொல்தான். இதைச் சொன்னதும் எங்கள் குழுவிலிருந்த மூன்று பெண்மணிகளும் முதல்முறையாகக் கல்வெட்டை நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஒரே ஊர், ஒரே தொழில். ஒரு சங்கத்தில் 12 சதவீதம், இன்னொன்றில் 9 சதவீதம். ஏன்? கல்வெட்டில் காரணம் இல்லை. என் அனுமானம், 9 கொடுத்த சங்கம் பழையது, நிலையானது. 12 கொடுத்த சங்கத்துக்கு நூல் வாங்க, தறி போடப் பணம் அவசரமாகத் தேவைப்பட்டிருக்கும். இன்றும் வட்டி கூடக் கொடுக்கிறவனைத்தான் நாங்கள் இரண்டு தடவை விசாரிப்போம்.

இந்தக் குகையில் போட்டது இவர் மட்டுமல்ல. சுமார் நூற்றைம்பது வருடம் கழித்து, ஆபீர அரசன் ஈஸ்வரசேனன் காலத்தில் விஷ்ணுதத்தா என்ற சகப் பெண்மணி, நோயுற்ற துறவிகளின் மருந்துச் செலவுக்காக டெபாசிட் போட்டிருக்கிறார். ஒரே இடத்தில் போடவில்லை. நீர்ப்பொறி செய்பவர்கள், எண்ணெய் ஆட்டுபவர்கள் என்று பல தொழிற்சங்கங்களில் பிரித்துப் போட்டிருக்கிறார். கெட்டிக்காரி.

சரி, இந்த டெபாசிட் என்ன ஆயிற்று?

நஹபானன் ஆட்சி நிலைக்கவில்லை. கௌதமிபுத்ர சாதகர்ணி என்ற சாதவாகன அரசர் அவனைத் தோற்கடித்து, அந்த வம்சத்தையே ஒழித்தார். 1906-ல் நாசிக் பக்கத்தில் ஜோகல்தெம்பி என்ற ஊரில் ஒரு புதையல் கிடைத்தது. 13,000-க்கும் மேற்பட்ட நஹபானன் வெள்ளிக்காசுகள். அவற்றில் 9,000-க்கும் மேல், நஹபானன் முகத்தின் மேலேயே சாதகர்ணியின் முத்திரை அடித்தவை. பழைய காசைச் செல்லாது என்று தூக்கிப் போடவில்லை, மேலே தன் சீலைக் குத்திப் புழக்கத்தில் விட்டுவிட்டார். 1928 முதல் ரூபாய் நோட்டு அச்சடிக்கும் ஊரில் இப்படி ஒரு கதை!

காசுக்குச் செய்ததைத்தான் தானத்துக்கும் செய்தார். சில குகைகள் தள்ளி மூன்றாம் குகை. அங்கே அவருடைய உத்தரவுகள் இரண்டு வெட்டப்பட்டிருக்கின்றன. முதலாவது, உஷவதாதன் வசமிருந்த நிலத்தை இங்குள்ள துறவிகளுக்கே கொடுக்கிறது. இரண்டாவதுதான் என்னை நிறுத்தியது. அரசரும் அவர் தாயாரும் சேர்ந்து கோவர்தனத்து அதிகாரிக்கு அனுப்பியது. விஷயம் இதுதான்: துறவிகளுக்கு முன்பு ககடி கிராமத்தில் நிலம் கொடுத்தோம். இப்போது அந்த நிலத்தை யாரும் உழுவதில்லை, அந்த ஊரிலும் யாரும் குடியில்லை. ஆகவே ஊர் எல்லையில் இருக்கும் நம் நிலத்திலிருந்து 100 நிவர்த்தனம் (அக்கால நில அளவு) அதற்குப் பதிலாகக் கொடுக்கவும்.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது.

தஞ்சாவூர் பக்கம் எங்கள் கிராமத்துச் சிவன் கோயிலில் சாயங்கால விளக்குக்கென்று 1992-ல் அப்பா பத்தாயிரம் ரூபாய் டெபாசிட் போட்டார். அன்றைய வட்டி 12 சதவீதம், நாசிக் நெசவாளர் கொடுத்த அதே வட்டி. வருடம் 1200, மாதம் நூறு ரூபாய். அந்த நாளில் நூறு ரூபாய்க்கு இரண்டு லிட்டர் நல்லெண்ணெய் வரும். "நான் இல்லேன்னாலும் விளக்கு எரியும்டா" என்பார். அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. டெபாசிட் ரினியூவல் ஆகிக்கொண்டே இருக்கிறது. இப்போது ஆறரை சதவீதம் என்று வையுங்கள், மாதம் ஐம்பத்து நான்கு ரூபாய். கால் லிட்டர்கூட வராது. முதல் அப்படியே பத்திரமாக இருக்கிறது. ஒரு ரூபாய் குறையவில்லை. விளக்கு மட்டும் குறைந்துவிட்டது.

கோபம் என்மேல்தான் வந்தது. தினமும் கஸ்டமர்களுக்கு விலைவாசி, வட்டி என்று வகுப்பெடுக்கிறேன். அப்பாவின் டெபாசிட்டை ஒருநாள் எடுத்துப் பார்க்கவில்லை.

நம் சோழர்கள் இந்த விஷயத்தில் விவரமானவர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயில் காசை ஊர்ச்சபைகளுக்குக் கொடுத்து, காசுக்கு வருடம் அரைக்கால் காசு வட்டி வாங்கியிருக்கிறார்கள். 1/8, அதாவது பன்னிரண்டரை சதவீதம். ஆனால் பல இடங்களில் அந்த வட்டியைக் காசாக வாங்காமல் நெல்லாக வாங்கினார்கள். விளக்குக்கோ ஆடு. 96 ஆடு ஒரு விளக்குக்கு, தினம் உழக்கு நெய். 'சாவா மூவாப் பேராடு' என்று அதற்குப் பெயர். கிழடு கழியும், குட்டி பிறக்கும், மந்தை குறையாமல் இருக்கும். நெய் விலை ஏறினாலும் இடையருக்கும் கவலை இல்லை, கோயிலுக்கும் கவலை இல்லை. உஷவதாதனும் காசோடு நிற்கவில்லை. 8000 தென்னை மரங்களையும் அதே கல்வெட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் ஆடும் இன்றில்லை, தென்னையும் இல்லை, நெசவாளர் சங்கமும் இல்லை. 'என்றென்றைக்கும்' என்று கல்லில் வெட்டிவிட்டால் மட்டும் ஒன்று நடந்துவிடாது. நிலம் தரிசாகிவிட்டது என்று தெரிந்ததும் மாற்று நிலம் கொடு என்று எழுத ஓர் ஆள் வேண்டும். அது எதிரியாக இருந்தாலும் சரி. அப்படிப் பார்க்க ஆள் இருந்தவரை இந்தக் குகையில் துணியும் மருந்தும் கிடைத்திருக்கின்றன.

படி இறங்கி வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. காரில் உட்கார்ந்து ஊருக்கு போன் போட்டேன்.

"என்னடா, திடீர்னு? எல்லாரும் சௌக்கியந்தானே?" என்றார் அண்ணா.

"சௌக்கியம்ணா. அப்பா போட்ட விளக்கு டெபாசிட், அதுல இப்ப எண்ணெய் காணுதா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "ஏன் கேக்கற? அது எப்பவோ பத்தாம போயிடுத்து. குருக்கள் வந்து சொன்னார். மீதிய நான்தான் போட்டுண்டு வரேன். பத்துப் பன்னண்டு வருஷமா."

"என்கிட்ட ஏன்ணா சொல்லலை?"

"இதுல சொல்றதுக்கு என்னடா இருக்கு?"

எனக்குப் பேச வரவில்லை. இவ்வளவு நாளும் அப்பாவின் டெபாசிட்டில்தான் விளக்கு எரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பேசி முடிவு செய்தோம். முதலில் என் பங்காகவும் அக்கா பங்காகவும் கொஞ்சம் சேர்ப்பது. கொல்லையில் இருக்கும் நாலு தென்னையின் காய்ப் பணத்தைக் கோயிலுக்கென்று ஒதுக்குவது. இது அண்ணாவே சொன்னது. நான் 8000 தென்னை கதையை அவரிடம் சொல்லவே இல்லை! ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் விலையைப் பார்த்துத் தொகையைத் திருத்துவது. அந்த வேலை என்னுடையது. எனக்குப் பிறகு யார் என்று பின்சீட்டைப் பார்த்தேன். பையன் தூங்கிக்கொண்டிருந்தான். இன்னும் அவனிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டும்.

அடுத்த நாள் யேவ்லாவில் தறியில் உட்கார்ந்திருந்த நெசவாளரைப் பார்த்தபோது, வட்டி எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்க வாய் வந்தது. தங்கமணி முறைத்ததால் கேட்கவில்லை :-)

போகிறவர்களுக்கு: காலையில் சீக்கிரம் ஏறிவிடுங்கள், வெயிலும் கூட்டமும் குறைவு. மழைக்காலத்தில் பச்சைப்பசேல் என்று இருக்கும், ஆனால் படி வழுக்கும், வயதானவர்களைக் கைபிடித்து அழைத்துப் போங்கள். குரங்குகள் உண்டு, கையில் தின்பண்டம் வேண்டாம். பத்தாம் குகையையும் மூன்றாம் குகையையும் தவற விடாதீர்கள். குழந்தைகள் இருந்தால் 240 கணக்கை அவர்களையே போடச் சொல்லுங்கள்.