ஆற்காடு நவாப் பட்டம் கை மாறிய கதை

நெய்வேலியில் பழைய சர்டிபிகேட் எதை எடுத்தாலும் தென்னாற்காடு மாவட்டம் என்றுதான் இருக்கும். 1993ல் மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கும் வரை நமக்கு அதுதான் முகவரி. ஆற்காடு எங்கோ பாலாற்றங்கரையில் இருக்க, நம்மூருக்கு ஏன் அந்தப் பெயர்? எல்லாம் நவாப்கள் உபயம்!

நவாப் என்றால் ராஜா இல்லை. மொகலாயப் பேரரசரின் பிரதிநிதி, அவ்வளவுதான். கிட்டத்தட்ட நம்ம கலெக்டர் மாதிரி ஓர் உத்தியோகம். 1698ல் செஞ்சியைப் பிடித்த ஜுல்பிகர் கானும், அவருக்குப் பின் வந்த தாவூத் கானும் அப்பன் பிள்ளை அல்ல. 1710ல் நவாப் ஆன சாதத்துல்லா கான்தான் பதவியைக் குடும்பச் சொத்தாக்கினார். தனக்குப் பிள்ளை இல்லாததால் சகோதரர் மகன் தோஸ்த் அலிக்கு விட்டுச் சென்றார்.

பிடித்தது சனி. 1740ல் மராட்டியரோடு நடந்த போரில் தோஸ்த் அலி செத்தார். அவர் மகன் சப்தர் அலியை 1742ல் வேலூரில் சொந்த மச்சானே தீர்த்துக்கட்டினார். சப்தர் அலியின் சின்னப் பையனை 1744ல் கல்யாண வீட்டில் கொன்றார்கள். பாவம், அவன் என்ன செய்தான்? நிஜாம் தன் ஆளான அன்வருதீனை நவாப் ஆக்க, பட்டம் வேறு குடும்பத்துக்குப் போனது.

இங்கிலாந்தில் வாரிக் பிரபு பட்டம் 1449ல் மனைவி வழியாக ரிச்சர்ட் நெவிலுக்குக் கிடைத்தது. தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிப்பும் அப்படி ஆசைப்பட்டவர்தான். பிரெஞ்சுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு 1749ல் ஆம்பூர் போரில் அன்வருதீனை வீழ்த்தினார். அன்வருதீன் மகன் முகமது அலி ஆங்கிலேயர் பக்கம் போனார். 1752ல் சந்தா சாகிப் தலை உருண்டது.

ஜெயித்தவருக்கு மிஞ்சியது கடன். முகமது அலி மாவட்டங்களின் வரி வருமானத்தையே கடன்காரர்களுக்கு எழுதிக் கொடுத்தார். பட்டத்துக்கு நடந்த சண்டைக்கு வட்டி கட்டியது வயலில் நின்றவன்! 1801ல் கம்பெனி நாட்டையே எடுத்துக்கொண்டு, நவாப்புக்குப் பென்ஷனும் பெயரும் மட்டும் விட்டது.

1855ல் குலாம் கவுஸ் கான் வாரிசு இல்லாமல் இறந்ததும், டல்ஹவுசி பெயரையும் பறித்தார். அவருடைய சித்தப்பா ஆசிம் ஜா விடாமல் கேட்டு, 1867ல் விக்டோரியா மகாராணியிடமிருந்து 'ஆற்காடு இளவரசர்' என்ற புதுப் பட்டம் வாங்கினார். பரம்பரைப் பென்ஷனோடு! ஒரு ஊர்கூட கிடையாது. அதனாலோ என்னவோ, அதற்காக யாரும் யாரையும் குத்தவில்லை. 1971ல் மற்ற மகாராஜாக்களின் மானியம் ஒழிந்தபோதும் இது தப்பித்தது. ஆற்காடு இளவரசர்களின் அமீர் மகால் இருப்பது ஆற்காட்டில் இல்லை, சென்னை ராயப்பேட்டையில்.