அச்சுக்கோப்பாளரின் விரல்களும் ஓர் அமெரிக்கப் பேராசிரியரும்

நான் பத்திரிகைத் துறைக்குள் காலடி வைத்தபோது கையால் அச்சுக்கோக்கும் பகுதி இன்னும் மூடப்பட்டிருக்கவில்லை. ஒப்புநோக்காளனாக இருந்த என்னிடம் ஒரு நாள் 'மாடசாலை மாணவர்' என்றொரு தலைப்பு வந்தது. பாடசாலைதான் அப்படியாகியிருந்தது! கோத்தவர் முப்பதாண்டு அனுபவசாலி. எழுத்துப் பெட்டியைப் பாராமலே எழுத்தை எடுப்பவர். "யோசியாமல் செய்யிற வேலை, கை தன்பாட்டில் போகும்" என்று மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலையிலும் அவரை ஏசினார். அவர் பதில் பேசவில்லை.

மேற்பார்வையாளர் சொன்னதே ஒரு காலத்தில் உளவியலாளரின் கருத்தாகவும் இருந்தது. பழக்கப்பட்ட செயல் ஒரு சங்கிலி போன்றது, ஓர் அசைவு தரும் உணர்வே அடுத்த அசைவை எழுப்புகிறது என்று வில்லியம் ஜேம்ஸ் 1890 இல் எழுதினார். தொடக்கத்தில் மட்டும் மனம் கட்டளையிட்டால் போதுமாம். பின்வந்த நடத்தைவாதிகள் அந்த மனத்தையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இதை உடைத்தவர் அந்த முகாமிலிருந்தே வந்தார் என்பதுதான் சுவையான விடயம். கார்ல் லாஷ்லி, நடத்தைவாதத்தின் தந்தையெனப்படும் ஜோன் வொட்சனுடன் இளமையில் பணியாற்றியவர். துப்பாக்கிச் சூட்டினால் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு, காலின் அசைவை உணர முடியாதிருந்த ஒருவர் அந்தக் காலையே அளவு தவறாமல் அசைத்ததை அவர் 1917 இல் பதிவு செய்தார். உணர்வே இல்லாதவிடத்துச் சங்கிலி எங்கிருந்து வரும்?

1948 செப்டெம்பரில் கலிபோர்னியாவில் நடந்த ஹிக்சன் கருத்தரங்கில் அவர் தமது வாதத்தை முழுமையாக முன்வைத்தார். அது 1951 இல் அச்சாகியது. இசைக் கலைஞரின் விரல்கள் செக்கனுக்கு 16 தடவை வரை இயங்கும். ஒரு விரலின் உணர்வு மூளைக்குச் சென்று அடுத்த விரலுக்குக் கட்டளை வந்துசேர அந்த இடைவெளி போதாது. எனவே வரிசை முன்கூட்டியே மூளையில் தயாராகியிருக்க வேண்டும். இதற்கு அவர் காட்டிய சாட்சியம் எங்கள் தொழிலுக்கு மிக நெருக்கமானது: தட்டச்சுப் பிழைகள். பின்னால் வரவேண்டிய எழுத்து முந்திக்கொண்டு வந்து விழுவதை அவர் கவனித்தார். இன்னும் வராத சொல் ஏற்கெனவே விழித்திருந்தாலன்றி அப்படி விழ வழியில்லை.

உடனடி வரவேற்புப் பெரிதாகக் கிடைக்கவில்லை. லாஷ்லி 1958 இல் காலமானார். மூளைக்குள்ளேயே பார்க்கும் கருவிகள் பின்னர்தான் வந்தன. 1994 இல் ஜப்பானிய ஆய்வாளர்களான தாஞ்சியும் ஷிமாவும், கைப்பிடியொன்றைத் தள்ளவும் இழுக்கவும் திருப்பவும் பழக்கிய குரங்குகளின் மூளையில், குறித்த ஒரு வரிசைக்கு முன்னர் மட்டும் துடிக்கும் கலங்களைக் கண்டார்கள். 2002 இல் அமெரிக்காவில் ஜோர்ஜோபூலொஸ் குழுவினர் உருவங்களைப் பிரதி செய்யும் குரங்குகளை ஆராய்ந்தனர். ஒரு சதுரத்தின் முதற்கோட்டை வரையுமுன்னரே எல்லாக் கோடுகளின் அடையாளமும் மூளையின் முன்பகுதியில் ஒருசேர எழுந்திருந்தது. எது வலுவாக எழுந்ததோ அதுவே முதலில் வரையப்பட்டது. குரங்குகள் விட்ட வரிசைப் பிழைகளையும் அவர்கள் ஆராயாமல் விடவில்லை.

'பாடசாலை'யின் முதலெழுத்தை எடுக்கக் கை நீண்டபோதே 'மாணவர்' எங்கள் அச்சுக்கோப்பாளரின் மூளையில் காத்திருந்திருக்கிறார். கணினி வந்து அந்தப் பகுதி மூடப்பட்டதும் அவர் ஊருக்குப் போய்விட்டார். நான் லாஷ்லியை வாசித்தது அதற்குப் பல வருடங்களின் பின்னர்.