நீரும் கொழுப்பும்: தைராய்டுக் குறைசுரப்பும் டெங்கில் தமிழரின் உடல் எடையும்

"தைராய்டு வந்து உடம்பு போட்டுவிட்டது" என்ற பேச்சு கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் வீடுகளில் இன்று நோயறிதலாகவே புழங்குகிறது. சொல்பவருக்கு ஐயமில்லை, கேட்பவரும் மறுப்பதில்லை. அதில் ஒரு பகுதி உண்மை. அந்தப் பகுதி எத்தனை கிலோ என்பதையும் மருத்துவம் ஓரளவு அளந்து வைத்திருக்கிறது. மீதி எடையையும் தைராய்டின் கணக்கில் எழுதும்போதுதான் கேடு தொடங்குகிறது. எடை குறையவில்லையே என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. குறையட்டும் என்று தாமாகவே அளவைக் கூட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. மாத்திரையின் பலனை எடைக் கருவியில் ஏறி நின்று பார்க்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதை டெங்கில் என்ற ஊரை முன்வைத்துச் சொல்கிறேன்.

டெங்கில் சிலாங்கூரின் சிப்பாங் மாவட்டத்தில், லங்காட் ஆற்றை ஒட்டி இருக்கிறது. ஈயம் தோண்டிய குளங்கள் இன்று பாயா இண்டா ஈரநிலமாகியுள்ளன. சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள். அவற்றுள் பெயர் பெற்றது பிராங் பெசார். முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ்காரர்கள் 1921இல் தொடங்கிய தோட்டம் அது. பெயருக்கு மலாயில் பெரும்போர் என்று பொருள். பி.பி. 86 போன்ற ரப்பர் இனங்கள் அங்கே உருவாகிப் பல நாடுகளுக்குப் போயின. அந்தத் தோட்டத்தின் மேல்தான் புத்ராஜெயா எழுந்தது. அங்கும் பக்கத்துத் தோட்டங்களிலும் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் 1990களின் பிற்பகுதியில் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் பெயர்க்கப்பட்டன. அந்த மக்களின் வீட்டுப் போராட்டத்தை நம் நாளேடுகள் விரிவாக எழுதியுள்ளன. அந்தப் பெயர்ச்சி அவர்கள் உடம்பில் செய்த மாற்றத்தை யாரும் அந்த அளவுக்கு எழுதவில்லை. விடியுமுன் எழுந்து சில நூறு மரங்கள் நடந்து, பால் வாளி சுமந்து, மாலையில் லயத்துப் பின்புறத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த உடம்பு, மாடிப்படி, காவல் கூண்டு, தொழிற்சாலை பஸ் என்ற புதிய நாளுக்குள் நுழைந்தது. உழைப்பு சுருங்கியது. தட்டில் சோறும் கோப்பையில் சீனியும் சுருங்கவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ உடையவர்கள். இந்திய வம்சாவளியினரில் அது 63.9 விழுக்காடு, எல்லா இனத்தாரிலும் அதிகம். இனி தைராய்டு. சென்னை உட்பட இந்தியாவின் 8 நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் 10.95 விழுக்காட்டினருக்குக் குறைசுரப்பு இருப்பதாகக் கண்டது. அந்த உயர்ந்த விகிதத்தை அப்படியே இங்கும் பொருத்தி, அவர்கள் அனைவரும் பருத்தவர்களே என்றும் வைத்துக்கொள்வோம். அப்போதும் 100 பேரில் 50க்கும் மேற்பட்டோரின் கூடுதல் எடைக்குத் தைராய்டு பொறுப்பாக முடியாது. எவ்வளவு தாராளமாகக் கூட்டினாலும் கணக்கு நிறைவதில்லை.

சரி, குறைசுரப்பு உண்மையிலேயே உள்ளவரின் எடை எதனால் ஏறுகிறது? இந்த நோய்க்கு முதல் மருந்து 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கிடைத்தது. ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகச் செலுத்தினார். முகமும் கைகளும் வீங்கிப் பேச்சு மந்தமாகியிருந்த அந்தப் பெண் தேறினார். பின்னர் வாய்வழியாக மருந்தைத் தொடர்ந்து 74 வயதுவரை வாழ்ந்து 1919இல் இறந்தார். அதற்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. நம் வாதத்துக்கு வேண்டியது அந்த வீக்கம். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் தோலுக்கடியில் ஹயலுரானிக் அமிலம் போன்ற பொருள்கள் சேர்ந்து உப்பையும் நீரையும் பிடித்து வைக்கின்றன. கண்ணிமை கனப்பதும் மோதிரம் இறுகுவதும் அதனால்தான். 2011இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்று, புதிதாக நோய் கண்டறியப்பட்ட 12 பேரைச் சிகிச்சைக்கு முன்னும் ஓராண்டு கழித்தும் அளந்தது. சராசரியாக 4 கிலோ அளவுக்கு எடை இறங்கியிருந்தது. கொழுப்போ இறங்கவே இல்லை. போனது பெரும்பாலும் நீர். 12 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால், குறைசுரப்பால் ஏறும் எடை பெரும்பாலும் உப்பும் நீருமாகச் சில கிலோ மட்டுமே என்ற மருத்துவர்களின் பொதுவான முடிவோடு அது பொருந்துகிறது. ஆகவே 15, 20 கிலோ கூடியவரிடம் மாத்திரை அத்தனையையும் கரைத்துவிடும் என்று சொல்வது நிறைவேறாத வாக்குறுதி.

காரணம் தலைகீழாகவும் இருக்கலாம். உடல் பருக்கும்போது கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் மூளையைத் தூண்டி, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவைச் சிறிது உயர்த்துகிறது. எடை குறைந்தால் அந்த அளவும் பலருக்குத் தானாக இறங்குகிறது. டி.எஸ்.எச். இலேசாக உயர்ந்து, தைராய்டு சுரக்கும் தைராக்சின் இயல்பாகவே இருக்கும் ஒருவருக்கு எடைதான் முன்னே வந்திருக்கலாம். இரத்தப் பரிசோதனைத் தாளில் தடித்த எழுத்தில் வரும் ஓர் எண்ணைப் பார்த்ததும் 'தைராய்டு' என்று முடிவுகட்டும் வழக்கம் இங்கே தடுமாறுகிறது. இத்தகைய இலேசான நிலையில் உள்ள 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஐரோப்பிய ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களின் அறிகுறிகளும் வெற்று மாத்திரை எடுத்தவர்களின் அறிகுறிகளும் வேறுபடவில்லை.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. அது வலுவானது, நோயை உடம்பில் சுமக்கும் பெண்களிடமிருந்து வருவது. "என் சோர்வை நீங்கள் அளந்தீர்களா? சோர்ந்து கிடந்ததால்தான் நடக்கவில்லை, நடக்காததால்தான் பருத்தேன்." இதை நான் ஏற்கிறேன். சிகிச்சை பெறாத குறைசுரப்பு தசையைத் தளர்த்தும், மலச்சிக்கலும் குளிர் நடுக்கமும் முடிகொட்டலும் தரும், மனத்தையும் மந்தமாக்கும். பருத்த பெண் கிளினிக்கில் களைப்பு என்றதும் இரத்தம் எடுக்காமல் "சாப்பாட்டைக் குறைங்கம்மா" என்று அனுப்புவது மருத்துவம் ஆகாது. ஆனால் இந்த எதிர்வாதம் மாத்திரையைத் தொடரச் சொல்கிறதே தவிர, கூட்டச் சொல்லவில்லை. மாத்திரை தெம்பைத் திருப்பித் தரும். அந்தத் தெம்பால் நடக்க வேண்டியது நாம்.

அளவைக் கூட்டுவதன் ஆபத்து புதிதல்ல. ஹார்மோனை எடைக் குறைப்புக்குப் பயன்படுத்திப் பலர் இதயப் படபடப்பில் வீழ்ந்த வரலாறு மேற்கில் உண்டு. அதனால்தான் அமெரிக்காவில் தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினின் மருந்துக் குறிப்பிலேயே, பருமனுக்கோ எடைக் குறைப்புக்கோ இதைப் பயன்படுத்தக் கூடாது என்ற கடும் எச்சரிக்கை அச்சாகிறது. மிகை அளவு இதயத் துடிப்பை ஒழுங்கற்றதாக்கும். மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பை அரிக்கும். முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொன்று: சில ஆய்வக முறைகளில் அது தைராய்டு முடிவுகளைப் பொய்யாகக் காட்டும். இரத்தம் எடுக்க இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். தைராய்டுக்கு ஆகாதென்று முட்டைக்கோசை வீட்டை விட்டே துரத்த வேண்டியதில்லை, சமைத்து அளவாக உண்ணலாம். அயோடினுக்காகக் கடற்பாசி மாத்திரையும் வேண்டாம். 2020 முதல் மலேசியக் கடைகளில் சமையல் உப்பு அயோடின் சேர்ந்தே வருகிறது. நம்மில் பெரும்பாலோரின் குறைசுரப்பு, 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ விவரித்த வகையினது. உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கும் நோய் அது. அயோடின் மிகுந்தால் கூடவும் செய்யலாம்.

இனி மாத்திரையை எடுக்கும் விதம். என் பார்வையில் டெங்கிலின் உண்மையான சிக்கல் இங்கேதான். லெவோதைராக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாள் ஆகும். அதனால்தான் "நாலு நாள் நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்கிறவர்கள் ஏமாறுகிறார்கள். உடம்பு பழைய சேமிப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்தே டி.எஸ்.எச். பார்ப்பதும் இதே காரணத்தால். மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், காலைத் தேத்தண்ணிக்கும் உணவுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போக வேண்டும். காப்பி அதன் உறிஞ்சலைக் கெடுப்பதை 2008இல் இத்தாலிய ஆய்வொன்று காட்டியது. பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் தடுக்கிறது. இரும்பு மாத்திரை அதைவிட மோசம், 4 மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது உயிர்நாடியான செய்தி. கருவுற்றதும் தைராக்சின் தேவை 25 முதல் 30 விழுக்காடு வரை ஏறுகிறது, அதே காலத்தில்தான் தாய்சேய் கிளினிக் இரும்பு மாத்திரையும் கொடுக்கிறது. இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் ஏற வேண்டிய அளவு இறங்கிவிடும்.

நம் வீடுகளில் விடியற்காலைத் தேத்தண்ணி உணவில் சேர்ந்ததல்ல. பால் வெட்டப் போனவர்கள் பிரட்டு எனும் காலை வருகைப் பதிவுக்கு முன் குடித்த அந்தக் கோப்பை மாடிவீட்டுக்கும் கூடவே வந்தது. பசியாறுவது அதற்குப் பிறகு. மருந்து உறையில் 'சாப்பாட்டுக்கு முன்' என்று மலாயில் எழுதியிருந்தால், பால்மாவும் சீனியும் கலந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பசியாறுவதற்கு முன்னதாக மாத்திரையைப் போடும் பாட்டி கட்டளையை மீறவில்லை. சொல்லின் பொருளுக்குக் கட்டுப்பட்டே நடந்திருக்கிறார். ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். இறங்காதபோது அளவு கூட்டப்படும். காலைக் கோப்பையைப் பற்றிய கேள்வி எழாமலே போகலாம்.

டெங்கிலில் அரசாங்கக் கிளினிக் இருக்கிறது, ஒரு வெள்ளி கட்டணம். அண்டையிலுள்ள புத்ராஜெயா மருத்துவமனை நாளமில்லாச் சுரப்பி நோய்களுக்கான சுகாதார அமைச்சின் தேசிய மையம். தைராய்டு நோய்களுக்கான அமைச்சின் வழிகாட்டி நூலும் 2019இல் வந்துவிட்டது. நம் மருத்துவர்களிடமும் மருந்தாளர்களிடமும் கேட்பது இரண்டே. எடையையும் டி.எஸ்.எச்.ஐயும் நோயாளியின் புத்தகத்தில் தனித்தனிப் பக்கங்களில் எழுதுங்கள், எடைக்கு நடையையும் தட்டையும் பேசுங்கள். தைராய்டு மருந்து உறையில் தமிழில் ஒரு வரி சேருங்கள்: தேத்தண்ணிக்கும் முன்பே, வெறும் தண்ணீரில்.